வாடைக்குக் கோழிக்கூண்டை எங்கே மூடுவது, எங்கே திறப்பது?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: கோட்டையூர் பக்கம் வீட்டுக் கொல்லையில் 25 நாட்டுக்கோழி. பகலில் மேய்ச்சல், இரவில் அடைசல். அதற்காக ஒரு பழைய இரும்பு ஆங்கிள் கூண்டை வாங்கியிருக்கிறார். 10 அடி நீளம், 4 அடி அகலம், ஒரு பக்கம் 6 அடியும் மறுபக்கம் 5 அடியுமாகச் சரிந்த தகரக் கூரை, நாலு பக்கமும் வெல்டு மெஷ், அடியில் தளம் இல்லை. மார்கழிக்கு முன் சுற்றிலும் தார்ப்பாய் கட்டி, உள்ளே 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் போதுமா, காற்றுக்கு எங்கே வழி விடுவது என்பது கேள்வி. பார்வைக்கு இரண்டு கேள்வி, உண்மையில் ஒன்றுதான்: கதகதப்பு வேண்டுமென்றால் மூட வேண்டும், காற்று வேண்டுமென்றால் திறக்க வேண்டும், இரண்டும் ஒரே கூண்டில் எப்படி நடக்கும் என்கிறார்.

நடக்கும். ஆனால் முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடலாம். நம் பக்கத்தில் மார்கழி, தை இரவு 20 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இறங்கும். வளர்ந்த கோழியின் உடல் சூடு 41 டிகிரிக்கு மேல். 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகமான இடம். எனவே இறகு முளைத்த, நனையாத கோழிக்கு நம் ஊர்க் குளிர் ஒரு பொருட்டே இல்லை. அதை வீழ்த்துவது ஈரமும், ஈரத்தோடு சேர்ந்து வரும் ஊதலும். கோழி சிலிர்த்துக்கொண்டு உட்காரும்போது இறகுக்குள் அடைபட்டு நிற்கிறதே காற்று, அதுதான் அதன் போர்வை. சாரலில் நனைந்தால் அந்தப் போர்வை ஒட்டிப்போகும். வாடை நேராக மேலே அடித்தால் இறகு பிரிந்து சூடு ஓடிப்போகும். மூன்றாவதாக, ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா மூச்சுக்குழலைப் புண்ணாக்கிச் சளிக்கு வாசல் திறந்துவிடும். ‘பனி ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லப்படும் கோழிச் சளியில் பாதிக்கு மேல் பனியால் வருவதில்லை, அடைத்த கூண்டால் வருவது என்பது என் கணிப்பு.

தார்ப்பாய் இங்கேதான் உதைக்கிறது. 25 கோழி ஒரு நாளைக்கு 4 முதல் 5 லிட்டர் தண்ணீர் குடிக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. குடித்ததில் பெரும்பகுதி மூச்சில் ஆவியாகவும், முக்கால் பங்கு நீரான எச்சமாகவும் வெளியே வரும். நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டினால் அந்த ஆவிக்குப் போக இடம் இல்லை. மார்கழியில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உள்ளேயிருந்து ஏறும் ஆவி அதன் அடிப்பக்கம் முத்து முத்தாகப் படிந்து, விடியற்காலை 4 மணிவாக்கில் சரிவோடு ஓடி, போல்ட் முனைகளிலிருந்து சொட்டு சொட்டாகக் கோழி முதுகிலும் உமியிலும் விழும். கார்த்திகை மழையில் நனையாத கோழி மழையே இல்லாத மார்கழியில் நனைவது இப்படித்தான். பல்பு போட்டால் இது கூடுமே தவிரக் குறையாது, சூடான காற்று இன்னும் அதிக ஆவியை ஏந்திக்கொண்டு தகரத்துக்குப் போகும்.

ஆகவே விதி: கோழி உட்காரும் உயரம் வரை காற்றை மறி, அதற்கு மேல் எப்போதும் திற. செட்டிநாட்டு வீட்டில் முற்றமும் உயரத்துச் சாளரமும் செய்யும் வேலை இதுதான். உட்கார்ந்திருப்பவர் மேல் காற்று அறையாது, புழுக்கம் மட்டும் மேலே ஏறிப் போய்விடும்.

அடைப்பு வேலைக்கு முன், பழைய கூண்டு என்பதால் சுத்தம் செய்ய வேண்டும். அதை அவசரத்தில் முடிக்க வேண்டாம். கூண்டை உங்கள் கோழிகள் மேயாத மூலையில் இறக்குங்கள். முந்தைய கோழிகளோடு வந்த வெள்ளைக்கழிச்சல், அம்மை, இரத்தக்கழிச்சல் எல்லாம் ஒட்டியிருக்கும் எச்சத்திலும் அழுக்கிலும் இருக்கலாம். காய்ந்த எச்சத்தை அப்படியே சுரண்டினால் தூசி உங்கள் நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் தெளித்து, மூக்கு வாயைக் கட்டிக்கொண்டு, அடியில் சாக்கு விரித்துச் சுரண்டி, சுரண்டியதைக் குழி தோண்டிப் புதையுங்கள். பிறகு லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். அழுக்கு போகாத இடத்தில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. பிளீச்சிங் பவுடர் போடுவதானால் அதோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், கிளம்பும் வாயு ஆளையே சாய்க்கும்.

கழுவிக் காய்ந்த பின் தீ. இரத்தக்கழிச்சலின் முட்டைகள் சாதாரணக் கிருமிநாசினிக்குப் பெரிதாக அசையாது, சூட்டுக்கும் உலர்த்தலுக்கும்தான் பணியும். செவ்வுண்ணியும் கோழி உண்ணியும் ஆங்கிள் இணைப்பு, கீல் இடுக்கு, கம்பி முடிச்சு இவற்றில் பதுங்கும். செவ்வுண்ணி இரத்தம் இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும், கோழி உண்ணி அதைவிடப் பல மடங்கு தாங்கும். அதனால் ‘ஆறு மாதம் சும்மா கிடந்த கூண்டுதானே’ என்ற நம்பிக்கை வேண்டாம். வெல்டிங் பட்டறையில் கிடைக்கும் ஊதுவிளக்கை வைத்து ஒவ்வொரு இடுக்கையும் சுட்டுவிடுங்கள். மெஷ் மேல் நிறுத்தாமல் ஓட்டிப் போங்கள், நின்றால் துத்தநாகப் பூச்சு உரிந்து அடுத்த மழைக்கே துருப்பிடிக்கும், அதன் புகையும் கெடுதல். திறந்த வெளியில், மரத்தையும் கீற்றையும் அகற்றி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு செய்யும் வேலை இது. கூடவே வந்த மரத் தண்டயங்களை, அதாவது கோழி இரவில் ஏறி உட்காரும் கட்டைகளை, சுத்தம் செய்ய முயல வேண்டாம், அடுப்புக்குப் போகட்டும். அப்புறம் இடுக்குகளில் சுண்ணாம்பு அடித்து, இரண்டு மூன்று வாரம் வெயிலில் வெறுமனே விடுங்கள்.

அந்த வெயில் நாளிலேயே இரும்பையும் பார்த்துவிடலாம். தரையோடு உட்காரும் ஆங்கிளும், கால் முளைகளும்தான் எச்ச ஈரத்தில் முதலில் அரிக்கும். திருப்புளியால் குத்திப் பாருங்கள். செதில் உதிர்ந்து உள்ளே கெட்டியாக இருந்தால் கம்பிப் பிரஷ், ரெட் ஆக்சைடு, மேலே பெயிண்ட், வாசனை போக ஒரு வாரம். திருப்புளி உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை வெட்டிப் புதிது வைக்க வேண்டியதுதான். மெஷ்ஷின் கண் 1 அங்குலம் என்றால் கீழ் 2 அடிக்கு மட்டும் அரை அங்குலக் கண் உள்ள வலையைச் சேர்த்துக் கட்டுங்கள், பாம்பும் எலியும் பெரும்பாலும் வருவது அந்த உயரத்தில். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை கோழியை உள்ளே வைக்கும், கீரியையும் நாயையும் வெளியே வைக்காது. கதவுக்கு மேலொன்று கீழொன்றாக இரண்டு தாழ்ப்பாள்.

இருத்தும் இடம், திசை. நீள வாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை, மாலைச் சாய்வெயில் பெரும்பாலும் குறுகிய பக்கங்களில் விழும், நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். 5 அடி உயரமுள்ள தாழ்ந்த பக்கத்தை வடக்கே வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையும் அதன் பின்வரும் வாடையும் வடகிழக்கிலிருந்து வருபவை, கூரை அவற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். அடியில் தளம் இல்லாததால் செம்புராங்கல் கட்டி, 1 அடி உயர மேடை போட்டு, அதன் மேல் கூண்டை ஏற்றிவிடுங்கள். நம் செம்மண் தரையில் மழைநீர் சட்டென்று இறங்காமல் மேலாக ஓடும், மேடை இல்லாத கூண்டில் உமி கீழிருந்தே நனையும். கட்டு வேலை முடியாது என்றால் குறைந்தபட்சம் சுற்றிலும் மண் அணைத்து, வெளிப்பக்கம் 1.5 அடி அகலத்துக்கு வலையைத் தரையோடு படுக்க வைத்துக் கல்லைப் பாரம் ஏற்றுங்கள். இறுகிய மண்ணில் ஒரு அடி பள்ளம் தோண்டி வலையைப் புதைப்பதைவிட இது எளிது, தோண்ட வரும் விலங்கும் வலை மேலேயே நின்று தோண்டித் தோற்கும்.

இப்போது அடைப்பு. வடக்குப் பக்கம் தரையிலிருந்து 3.5 அடி வரை முழுக்க மறையுங்கள். 2 அடி உயரத் தண்டயத்தில் உட்காரும் கோழியின் தலை 3.25 அடிக்கு வரும், அதற்கு மேல் ஒரு கை விட்டதுதான் இந்தக் கணக்கு. கிழக்குக் குறுக்குப் பக்கத்துக்கும் அதே உயரம். பனையோலைத் தட்டியோ இரட்டையாகப் பின்னிய கீற்றுத் தட்டியோ போதும், ஆனால் கட்டுக்கம்பியால் கழற்றி மாட்டும்படி கட்டுங்கள். மாசி முடியும்போது அதைக் கழற்றியே ஆக வேண்டும். பங்குனி, சித்திரையில் 38, 40 டிகிரியில் அடைத்த கூண்டு கோழியைக் கொல்லும், மார்கழிக் குளிர் ஒருநாளும் அப்படிக் கொல்லாது. வடக்கே தட்டிக்கு மேல் மிஞ்சும் 1.5 அடி திறப்பில், கூரையை ஒட்டிய 4 அங்குலத்தை எந்தக் காலத்திலும் மூடக்கூடாது. தெற்கே உயர்ந்த பக்கத்தில் கூரையை ஒட்டிய 6 அங்குலத்தையும் அப்படியே. 10 அடி நீளத்துக்கு வடக்கே 3.3, தெற்கே 5, ஆகமொத்தம் 8 சதுர அடிக்குச் சற்று மேல். தரைப்பரப்பு 40 சதுர அடி. தரையில் பத்தில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்பது சிறிய கூண்டுகளுக்கான பொதுக் கணக்கு, நமக்கு இரட்டிப்பாகவே வந்துவிடுகிறது. வடக்கே நுழைகிற காற்று கோழித் தலைக்கு மேலாகவே ஓடி, சரிவோடு ஏறி, ஆவியை அள்ளிக்கொண்டு தெற்கே வெளியேறும்.

சாரலுக்கு இறவாரம்தான் மருந்து. மழை 45 டிகிரி சாய்வில் அடித்தால், இறவாரம் எவ்வளவு நீளமோ அவ்வளவு உயரத்துக்குத்தான் அது சுவரைக் காக்கும். வடக்கே திறப்பு 1.5 அடி என்பதால் 2 அடி இறவாரம் இருந்தால் தாராளம். இருக்கும் தகரம் அவ்வளவு நீளாது, ஒரு துண்டுத் தகரத்தைக் கூரைத் தகரத்துக்கு அடியில் 6 அங்குலம் செருகி நீட்டி, கீழே ஆங்கிள் முட்டு கொடுங்கள். மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் ஏறியிருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் தண்ணீர் உள்ளே வரும்.

புயல் சின்னம் உருவாகும் நாட்களுக்குத் திரை வேண்டும், அதில்தான் பலரும் தவறுகிறார்கள். கடை முகப்பில் தொங்கவிடுவது போல மேலே கட்டிக் கீழிருந்து சுருட்டும் திரை கோழிக்கூண்டுக்குத் தலைகீழ் வேலை செய்யும். பாதி சுருட்டினால் கீழே திறக்கும், அதாவது ஊதல் நேராகக் கோழி மேல், ஆவி மேலே அடைபட்டு. கோழிப்பண்ணைத் திரை கீழ் விளிம்பில் நிலையாக அடிக்கப்பட்டு, மேலிருந்து கீழாகத் திறக்க வேண்டும். செய்முறை எளிது. பிரித்து விரித்த 4 உரச்சாக்கைக் கழுவிக் காயவைத்துப் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தால் 10 அடி நீளத்துக்கு, ஏறக்குறைய 4 அடி உயரத்துக்கு வரும். பூச்சிமருந்து வந்த சாக்கு வேண்டாம். தெற்குப் பக்கத்தில், கீழ் விளிம்பை 1.5 அடி உயரத்தில் ஒரு மரப்பட்டை வைத்துச் சட்டத்தோடு இறுக்குங்கள். மேல் விளிம்பில் அரை அங்குலக் குழாய் ஒன்றைக் கோத்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டி, இறவாரத்தில் போட்ட கொக்கி வழியாகக் கீழே கொண்டுவந்து ஒரு ஆணியில் சுற்றுங்கள். இழுத்தால் திரை ஏறும், விட்டால் இறங்கும், எவ்வளவு இழுத்தாலும் மேலே அந்த 6 அங்குலம் மிஞ்சும்படி கயிற்றில் ஒரு முடிச்சு. திரை மெஷ்ஷுக்கு வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே இருந்தால் கொத்திக் கந்தலாக்கிவிடும், வழியும் மழையும் உமிக்கே வரும். வடக்கே தட்டிக்கு மேல் இதே போல ஒரு குட்டித் திரை, மேலே 4 அங்குலம் விட்டு. சாதாரண மார்கழி இரவுக்குத் தெற்குத் திரை ஏற வேண்டியதே இல்லை.

கூரைக்கு: தகரத்தின் ஆணித்துளைகளை ஜே போல்ட்டும் தார் வாஷரும் போட்டு இறுக்குங்கள். பிறகு தகரத்தின் மேலே இரண்டு அடுக்கு தென்னங்கீற்று வேய்ந்து, கயிறு போட்டுக் கட்டுங்கள். இரவில் தகரம் குளிர்ந்து வியர்ப்பதை இது தடுக்கும், சித்திரையில் சூட்டையும் தடுக்கும். தகரத்துக்கு அடியில் கீற்றுச் செருகினால் எலிக்கும் உண்ணிக்கும் வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. தெர்மாகோல் ஒட்ட நினைத்தால், கோழி எட்டும் உயரத்தில் அது ஒரு வாரம்கூடத் தங்காது, கொத்தித் தின்றுவிடும்.

தண்டயம் ஒரு கோழிக்கு 8 அங்குலம் வீதம் 25 கோழிக்கு ஏறக்குறைய 17 அடி. 9 அடி நீளத்தில் இரண்டு கட்டை போதும். வடக்குச் சுவரிலிருந்து 12 அங்குலம் தள்ளி ஒன்று, அதிலிருந்து 15 அங்குலம் தள்ளி இன்னொன்று, இரண்டும் ஒரே உயரம். ஏணி போல வைத்தால் உச்சிக் கட்டைக்காகத் தினம் சாயங்காலம் சண்டை. 2 அங்குல அகலம், விளிம்பு மழுங்கச் செதுக்கியது வேண்டும், அப்போதுதான் கோழி விரலை மூடி உட்கார்ந்து காலுக்கும் இறகுப் போர்வை போட்டுக்கொள்ளும். இரும்புக் குழாய் வேண்டாம், காலிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய தேக்குச் சட்டம் கிடைக்கும்தான், ஆனால் கோழிக்கு வேப்பங்கட்டையே போதும்.

கட்டைக்கு 6 அங்குலம் கீழே 3 அடி அகலத்தில் ஒரு பலகையோ பழைய தகரமோ வைத்து, காலையில் கோழியைத் திறந்துவிட்டதும் எச்சத்தை வழித்து எருக்குழியில் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. இரவெல்லாம் போடும் எச்சம் உமிக்குப் போகாமலே வெளியேறிவிடுவதால், இந்தக் கூண்டில் அம்மோனியாவைக் குறைக்க இதைவிடப் பலனுள்ள செலவில்லாத வழி எனக்குத் தெரிந்து இல்லை.

தரையில் 3 முதல் 4 அங்குலம் உமி அல்லது கடலைத்தோல், வாரம் இரண்டு முறை கிளறல். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் ஏறிவிட்டது. சுண்ணாம்பு 100 சதுர அடிக்கு 1 கிலோ என்பது பழக்கத்தில் உள்ள அளவு, உங்களுக்கு 400 கிராம். ஆனால் ஈர உமியில் சுண்ணாம்பைப் போட்ட உடனே அம்மோனியா நெடி கூடும், அடைபட்டிருந்த வாயுவை அது கிளப்பிவிடும். காலையில் கோழி மேயப் போன பின் போட்டுக் கிளறி, சாயங்காலம் வரை எல்லாத் திரையும் இறக்கி வையுங்கள். சாம்பலுக்கும் இதே பேச்சுதான். தண்ணீர்ப் பாத்திரத்தை இரவில் வெளியே எடுத்துவிடலாம், இருட்டில் கோழி குடிப்பதில்லை.

பல்பு: வளர்ந்த கோழிக்குத் தேவையில்லை. எல்.இ.டி. பல்பு சூடும் தராது. குமுட்டி அடுப்பில் கரி மூட்டி உள்ளே வைப்பது கண்டிப்பாகக் கூடாது, கரிப்புகையின் நச்சு வாயு மணம் இல்லாமலே கொல்லும். குஞ்சுகள் வேறு கதை. முதல் வாரம் அவற்றுக்கு 35 டிகிரி, பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். குஞ்சுக்கு 2 வாட் வீதம் குண்டு பல்பு, அதுவும் தனி வளையத் தடுப்புக்குள், இந்தக் கூண்டுக்குள் அல்ல. குஞ்சுகள் பல்புக்கு அடியில் அடைந்தால் சூடு போதவில்லை, ஓரத்துக்கு ஓடினால் அதிகம், பரவிப் படுத்தால் சரி.

இதுவரை சொன்னதில் ஈரம், ஊதல், மேல் திறப்பு பற்றியவை உறுதியானவை. சாம்பிராணி, வேப்பிலை மூட்டம் குளிருக்கு நல்லது என்பதைச் சந்தேகத்தோடே பார்க்கிறேன். கொசு கொஞ்ச நேரம் விலகும், ஆனால் அடைந்த கோழிக்குப் புகை மூச்சுக்குக் கேடு. அம்மையைப் பெரும்பாலும் பரப்புவது கொசு, அதற்கு மெஷ் மேல் கொசுவலை கட்டுவது மேல். சாயங்காலம் ஒரு பிடி கம்போ சோளமோ கூடுதலாகப் போடுவது பலன் தரும், தீனி செரிக்கும்போது பிறக்கும் சூடு இரவுக்கு உதவும். உங்கள் ஆங்கிளின் கனம், மேடையின் கெட்டி, பக்கத்து மரமும் மதிலும் வாடையை எப்படித் திருப்புகின்றன என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. ஏற்கெனவே கொர் கொர் என்று மூச்சு விடும், முகம் வீங்கிய கோழி இருந்தால் அதைத் தனியே பிரித்து, கூண்டை நம்பாமல் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

எல்லாம் முடிந்து கோழி அடைந்த முதல் வாரத்தில், ஒரு நாள் விடியற்காலை 4.30க்கு டார்ச்சும் ஒரு ஊதுவத்தியும் எடுத்துப் போங்கள். கதவைத் திறந்ததும் முதல் மூச்சிலேயே முடிவு செய்யுங்கள், ஐந்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். கண் கரித்தால் மேல் திறப்பு போதவில்லை அல்லது உமி நனைந்திருக்கிறது. தகரத்தின் அடியைத் தடவுங்கள், கை நனைந்தாலும் அதே பொருள். ஊதுவத்தியை, அடைந்திருக்கும் கோழிகளின் முதுகு உயரத்தில் பிடியுங்கள். புகை மெல்ல நேராக ஏறிக் கூரைக்கடியில் தெற்கே வளைந்து போனால் கூண்டு சரி. பிடித்த இடத்திலேயே படுக்கையாக ஓடினால் தட்டியில் எங்கோ இடைவெளி, புகை வரும் திசைக்கு எதிரே தேடினால் அகப்படும். எங்கும் போகாமல் மிதந்தால், தெற்குத் திரை ஏறியிருந்தால் அதை இன்னும் ஒரு சாண் இறக்குங்கள். திரும்பும் முன், தண்டயத்தின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கீற்று விழுந்தால் செவ்வுண்ணி தப்பிப் பிழைத்திருக்கிறது, ஊதுவிளக்கை மறுபடி எடுக்க வேண்டும்.